ஆளில்லாத கடற்கரை

பாடசாலைச் சித்திரப் போட்டிக்காக மகள் நீர்வர்ணத்தில் ஒரு கடற்கரையைக் கீறிக்கொண்டிருந்தாள். ஈரத்தாளில் நீலத்தை ஓடவிட்டு, தாளை மெல்லச் சரித்தாள். வானம் மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் இறங்கியது. அலையின் நுரைக்கு எதையும் பூசவில்லை.

“தாள சும்மா விட்டா அதுதான் உம்மா வெள்ள.”

கெட்டிக்காரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் படத்தை முழுதாகப் பார்த்தேன். தென்னைகள், மணலில் இரண்டு தோணிகள், பளீரென்ற வெயில். ஓர் ஆள்கூட இல்லை.

சுனாமி வந்த அன்றும் இப்படித்தான் வெயில் எறித்தது. தண்ணீர் வடிந்த பிறகு எனக்கு மூத்தவளான ராத்தாவைத் தேடிக் கரைக்கு ஓடினேன். எங்கள் வீட்டு வரிசையில் தென்னைகள் மட்டும் நின்றன. கடல் ஒன்றும் நடக்காததுபோல் மினுங்கியது. ராத்தா கிடைக்கவேயில்லை. அதன் பிறகு நான் கடற்கரைக்குப் போனதில்லை, மகளையும் விட்டதில்லை. நடந்து போகும் தூரத்திலிருக்கும் கடலை அவள் போனில் பார்த்துத்தான் கீறினாள்.

“ஏன் மகள் ஆக்களக் காணல்ல?”

“நீங்கதானே சொன்ன, உசிருள்ளதக் கீறக்கூடாதெண்டு.”

உண்மைதான். அவள் குர்ஆன் ஓதப் போகத் தொடங்கிய காலத்தில், பூனையும் காகமும் கீறியவளைத் தடுத்தது நான்தான்.

“வேணுமெண்டா கரையில ரெண்டு சோடி செருப்பு வைக்கட்டா? ஆக்கள் குளிக்கப் போயிருக்காங்க எண்டு விளங்கும்.”

“செருப்பு வேணாம்.”

நான் சொன்ன விதத்தில் அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள். அன்று கரையெங்கும் செருப்புகள்தான் கிடந்தன. அதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.

“அப்ப இதக் குடுக்கேலாதா உம்மா? நாளைக்கு டீச்சர் கேப்பாங்க.”

“குடுக்கலாம். ரெண்டு பேரக் கீறு. சின்னதா, முகமில்லாம.”

“இப்ப மௌலவி மாதிரி பத்வாவும் நீங்களே குடுக்கிறீங்க,” என்று சிரித்தாள்.

தோணிகளுக்குப் பக்கத்தில் கபில நிறத்தில் இரண்டு சிறு கோடுகள். ஒன்றில் கொஞ்சம் சிவப்பு.

“கடலுக்குப் போறாங்களா, வீட்ட வாறாங்களா?” என்று கேட்டேன்.

“முகமில்லாட்டி எப்படி உம்மா தெரியும்?”

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அலையோரத்திலிருந்து அந்த இருவர் வரைக்கும் புள்ளி புள்ளியாகக் காலடிகள் வைத்தாள்.

“வாறாங்க.”

பிறகு கடலுக்கு இன்னொரு பூச்சு நீலம் பூசிவிட்டுக் கைகழுவப் போனாள். நீலம் தாளில் தளதளவென்று நின்றது. அது கீழே, அந்த இருவர் பக்கம், வழிந்துவிடக் கூடாதென்று, காயும்வரை தாளை மட்டமாகப் பிடித்தபடி மேசையருகிலேயே இருந்தேன்.