அண்டா ஒட்டிவைத்த பக்கம்

படையில் அவருக்குப் பெயர் அண்டா. இருபத்திரண்டு வருடம் பீரங்கிப் படைக்குச் சமைத்துப் போட்டவர். எந்நேரமும் ஒரு பெரிய அண்டாவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய நின்றதால் வந்த பெயர். ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. காது மட்டும் படையிலேயே தங்கிவிட்டது.

அவர் மனைவி பேசுவது தெருமுனை வரை கேட்கும். அப்போதுதான் அவருக்குப் பாதியாவது விழும். "நம்ம வீட்டு ரகசியத்தைத் தெருவே சேர்ந்து காப்பாத்துது" என்று அவர் சிரிப்பார். ஆனால் வருடக்கணக்காகக் கத்திக் கத்தி அந்த அம்மாவின் தொண்டை புண்ணாகிவிட்டது. இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சிலேட்டு. 'பால் வாங்கணும்.' 'மாத்திரை போட்டாச்சா?' ஒருநாள் துடைத்த தரையில் அவர் சேற்றுக் காலோடு நடந்துவிட்டார். அந்த அம்மா சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதித் தீர்த்துவிட்டு, கடைசியில் ஒரு மூலையில், 'திட்ட இடம் பத்தல' என்று எழுதிக் காட்டினார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர் விழும் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை.

பணிக்காலத்தில் காது கெட்டவர்களுக்கு, முன்னாள் படையினர் மருத்துவமனையில் இரண்டு காதுக்கும் கருவி கொடுப்பார்கள். கடையில் வாங்குவது அவர் ஓய்வூதியத்துக்கு எட்டாத காரியம். விண்ணப்பித்தார். மூன்றாம் வாரம் பதில் வந்தது: 'தாங்கள் சமையல் பிரிவைச் சேர்ந்தவர். பீரங்கி இயக்கியவர் அல்லர். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

"சுட்டவனுக்கு மட்டும்தான் சத்தமா? பின்னாலயே நின்னு சோறு கிண்டினவன் காது என்ன கல்லா?" என்று அவர் கடிதத்தைப் பார்த்தே சண்டை போட்டார்.

'கடுதாசியக் கேட்டு என்ன புண்ணியம்? ஆபீஸ்ல போய்க் கேளுங்க. நானும் வரேன்' என்று சிலேட்டு சொன்னது.

மேல்முறையீட்டு அறையில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஓர் எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர். எழுந்து வந்து அவர் காதோரம் குனிந்து உரக்கச் சொன்னார்: "ஐயா, பீரங்கிக்காரங்களுக்கு வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. சமையல்காரங்களுக்குக் கிடையாது. அப்படியும் ஒரு தடவையாவது உங்களைப் பரிசோதிச்சாங்களா? தேதி சொன்னா பழைய மருத்துவப் பதிவேட்டுல தேடிடலாம். தேதி இல்லாம அந்த மலையில நான் எங்க போய்த் தேடறது?"

அண்டா குனிந்து மடியைப் பார்த்தார். பரிசோதித்திருந்தார்கள். தேதியும் இருந்தது. அவர் மடியில் கிடந்த பணிப்புத்தகத்திலேயே, பதினொன்றாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தைத்தான் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாவுப் பசை காய்ச்சி, எதிர்ப் பக்கத்தோடு சேர்த்து ஒட்டிவைத்திருந்தார். "என் புத்தகத்துல தண்டனைன்னு ஒரு பொட்டு சிவப்பு மை கிடையாது" என்று முப்பது வருடமாக மனைவியிடம் மார்தட்டி வந்தவர் அவர்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு, எழுத்தரோடு சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒரு டீ சொல்லுங்க. நல்லா ஆவி பறக்கணும்."

"டீயா? இப்பவா?"

"குடிக்க இல்ல."

டீ வந்ததும் புத்தகத்தை விரித்து டம்ளருக்கு மேலே பிடித்தார். "ஐயா, ஐயா! அரசாங்கப் புத்தகம்!" என்று எழுத்தர் பதறினார். "பயப்படாதீங்க. நான் காய்ச்சின பசை, ஆவி பட்டா இளகிடும்" என்றார் அண்டா. சொன்னபடியே பக்கம் பிரிந்தது. சிவப்பு மை நேற்று எழுதியது போல இருந்தது. எழுத்தர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார்.

'அடுப்பை விட்டு நீங்கி, காது பரிசோதனைக் கூடாரத்தில் அனுமதியின்றி அமர்ந்திருந்தார். இருநூறு பேருக்கான மதியச் சோறு அடிப்பிடித்தது. ஏழு நாள் கூடுதல் வேலை.'

"டாக்டருங்களுக்கு டீ கொண்டுபோனேன், தம்பி. அங்க இருந்த ஆளு என்னையும் பீரங்கிக்காரன்னு நெனச்சு, உக்காருன்னு சொல்லிக் காதுல ஹெட்போனை மாட்டிட்டான். சத்தம் கேட்டா விரலைத் தூக்குன்னான். உத்தரவு உத்தரவுதானே? தூக்கிட்டே இருந்தேன். இங்க சோறு கருகிப்போச்சு."

அந்த அம்மா புத்தகத்தை வாங்கி ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தார். அண்டா தலையைக் குனிந்துகொண்டார். சாக்பீஸ் கீச்சிட்டது. சிலேட்டு அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது: 'நீங்களா என் சமையல்ல குத்தம் கண்டுபிடிச்சீங்க?' அந்த அம்மாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லாத சிரிப்பு.

"ஐயா, இந்தத் தண்டனையை எழுதின அதிகாரி இருந்தா, தேடிப்போய் அவர் கையில ஒரு முத்தம் கொடுங்க" என்றார் எழுத்தர், தேதியைக் குறித்துக்கொண்டே.

பத்தே நாளில் பழைய தாள் அகப்பட்டது. பீரங்கிக்காரர்கள் வரிசைக்குக் கீழே யாரோ கையால் சேர்த்திருந்தார்கள்: 'பட்டியலில் இல்லாத நபர், சமையல்காரர். இரண்டு காதும் மந்தம். சமையற்கூடம் பீரங்கிகளுக்கு மிக அருகில் உள்ளது.' பட்டியலில் இல்லாத நபருக்கு அதை அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது அந்த மூன்று வாக்கியத்துக்குக் கீழே பெரிய முத்திரை விழுந்தது: இரண்டு காதுக்கும் கருவி.

கருவி பொருத்திக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் அண்டாவே அடுப்பில் நின்றார். எண்ணெயில் வெங்காயம் விழும் சத்தத்தைக் கேட்பதற்காகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். சிலேட்டு பால் பாத்திரத்துக்கு மூடியாகியிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் மேசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, தொண்டையை வருத்தாமல் மெல்லக் கேட்டார்.

"ஏங்க, அந்தக் கருகின சோத்தை அன்னிக்கு யாரு சாப்பிட்டா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இருநூறு பேரும் சாப்பிட்டாங்க. ஒருத்தன் ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கினான்."

"பொய்யி!"

"மெதுவாப் பேசு" என்றார் அண்டா. "தெருவுக்குக் கேக்கப்போகுது."