பாதி புரிந்த கன்னடமும் ஒரு பானெட்டும்

மைசூரில் என் வேலைச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க என் மனைவி ராஜம்மாள் சம்மதிப்பதில்லை. கண்ணாடி நாரினால் நெய்த துணியை நாள் முழுக்க வெட்டுகிறவன் நான். அந்த நார் கழுத்துப் பட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து வீட்டில் எல்லோரையும் அரிக்கும். சேலத்தில் கார் சீட்டுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தபோது, மாலையில் கையைக் கழுவினால் வேலை முடிந்துவிடும். இங்கே குளித்த பிறகும் அது தோலில் இருக்கிறது.

அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பசவராஜுவிடம் சீட்டு வேலைக்குத்தான் சேர்ந்தேன். அவருக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். மதராஸுக்கு வெளியே, யுத்த காலத்து விமானத் தளத்தில் நடக்கும் பந்தயத்தில் கார் ஓட்ட வருஷந்தோறும் போவார். வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் சாதாரணக் காரின் எஃகுத் தகடுகளைக் கழற்றிவிட்டு பைபர் கிளாஸ் மாட்டுகிறார்கள், எடை பாதியாகிறது என்று எதிலோ படித்துவிட்டு, பம்பாயிலிருந்து கண்ணாடித் துணியும், அதை நனைத்து இறுக வைக்கும் ரெசின் பசையும் தருவித்தார். துணி என்பதால் வேலை என்னிடம் வந்தது. டிங்கர் சென்னப்பா தட்டிச் செய்த, என்ஜினை மூடும் எஃகு பானெட்டில் அச்சு எடுத்து, அதற்குள் துணியை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டினேன். எஃகு பானெட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். சென்னப்பா சிரிக்கவில்லை. அவர் நஞ்சன்கூடுக்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கோ கன்னடம் பாதி புரிந்தது. பாதி புரிந்ததுதான் வினையாயிற்று.

அது விடாமல் தூறிய வாரம். ஈரக் காற்றில் ரெசின் லேசில் இறுகவில்லை. காரை மதராஸுக்கு அனுப்ப வேண்டிய அன்று காலை, சென்னப்பா பூட்டு மாட்டும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இல்லி நோடு. கெட்டிதே.”

இங்கே பார் என்பது புரிந்தது. அடுத்ததை, கெட்டியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கர்வமாகக்கூட இருந்தது.

“சரி” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் பானெட்டை மாட்டி அனுப்பினேன்.

நான்காம் நாள் பசவராஜு முகத்தில் பாதிக்குக் கட்டோடு திரும்பினார். ஓடுகிற ஓட்டத்தில் பானெட் பூட்டோடு பிய்ந்து முன் கண்ணாடியில் அடித்திருக்கிறது. இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“கடைசியா யாரப்பா பார்த்தது?” என்று கேட்டார். கன்னடக்காரரானாலும் என்னோடு தமிழில்தான் பேசுவார்.

“நானு ஹேளித்தே” என்றார் சென்னப்பா. நான் சொன்னேனே என்று.

“கெட்டின்னுதாங்க சொன்னாரு” என்றேன் நான்.

சென்னப்பா தன் சுத்தியல்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பொய்க்காரன் போனான் என்றே நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் புட்டம்மா எங்கள் பால் சட்டியை முகர்ந்து பார்த்து, “கெட்டிதே” என்று தள்ளி வைத்தாள்.

“கெட்டியா இருந்தா நல்லதுதானே?” என்றேன் ராஜம்மாளிடம்.

“கெட்டுப் போச்சுங்கறாங்க. இத்தன நாளா இங்க இருந்துட்டு இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?” என்றாள். தண்ணீர்க் குழாயடியில் நின்றே அவள் கன்னடம் கற்றிருந்தாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் பசவராஜுவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். மீதியிருந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.

“சென்னப்பாவைக் கூட்டிட்டு வா” என்றார்.

நஞ்சன்கூடு பஸ்ஸில் போனேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் கொட்டினேன்.

“நீனு சரி அந்தே” என்றார் சென்னப்பா. நீ சரி என்றாயே. அவ்வளவுதான். திரும்பச் செய்துவிடுகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். என்னோடு பேச இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

அடுத்த வருஷம் பசவராஜுவின் தம்பி ஓட்டினார். சென்னப்பா மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தன் விரலாலேயே அழுத்திப் பார்த்து மாட்டிய பானெட். நாங்கள் இருவரும் மதராஸுக்குப் போனோம். கயிற்றுக்கு இப்பால் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், “எந்த ஊருய்யா?” என்றார். சேலம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்; மைசூரு என்று வந்துவிட்டது.

“தமிழ் நல்லாப் பேசறியே. எங்க கத்துக்கிட்ட?”

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. மதராஸ் கார் முதலில் போனது, மைதானமே ஆரவாரித்தது. வெகு தூரம் பின்தங்கி எங்கள் கார் வந்தது, பானெட் அசையாமல். நானும் சென்னப்பாவும் கை தட்டினோம். வேறு யாரும் தட்டவில்லை.

“மைசூர்க்காரனுங்க ரெண்டு பேரு” என்று முதுகுக்குப் பின்னால் யாரோ தமிழில் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.