ஒரு சைஸ் பெரிய பூட்ஸ்

பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கான மாவட்டத் தேர்வு திண்டிவனத்தில் என்று அறிவிப்பு வந்தது. பூட்ஸ் இல்லாமல் வருபவர்களை இறக்க மாட்டோம் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். என் அணியில் பாதிப் பேர் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். அதில் காணை கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குப் பந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருடப் பயிற்சியில் அப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. மாநில முகாமுக்கு இவள் போவாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அவளையும் கரும்பு வெட்டப் போகும் அவள் அப்பாவையும் விழுப்புரத்தில் கடைக்குக் கூட்டிப்போனேன். போட்டுப் பார்த்த முதல் ஜோடி கச்சிதமாக இருந்தது. நான்தான் அடுத்த சைஸ் கேட்டேன்.

"விளையாடுற ஷூ சார், கரெக்டா இருக்கணும்" என்றான் கடைப்பையன்.

"வளர்ற பொண்ணுப்பா. ரெண்டு வருஷம் வர வேணாமா? எடு" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் அப்பாவும் தலையாட்டினார். எங்கள் வீடுகளில் யூனிபார்ம், செருப்பு எல்லாமே அப்படித்தான் வாங்குவார்கள். நானும் மடித்துத் தைத்த டவுசரில் வளர்ந்தவன்தான். ஆனால் பூட்ஸ் காலோடு காலாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். அந்த நேரத்தில் அது என் மரமண்டையில் ஏறவில்லை.

திண்டிவனத்தில் அவள் பூட்ஸ் முனையில் துணி அடைத்துக்கொண்டு இறங்கினாள். முதல் பந்து காலில் பட்டு எங்கோ தெறித்தது. இரண்டாவதும் அப்படியே. இடைவேளையில் என்னிடம் ஓடிவந்தாள்.

"சார், கால் உள்ளாற வழுக்கிக்கினே இருக்குது. கழட்டிட்டு ஆடட்டா?"

"சாக்கு சொல்லாத. போய் ஆடு."

சாக்கு. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். எனக்குப் பதற்றம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேர்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வேகம் இருக்குங்க. பந்துதான் கால்ல நிக்க மாட்டேங்குது" என்றார். பூட்ஸ் பெருசு, இன்னொரு முறை ஆடவிட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. யார் வாங்கிக்கொடுத்தது என்று கேட்பாரே என்று விழுங்கிவிட்டேன். என் மானம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். குதிகால் இரண்டிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

"எனக்கு கண்ட்ரோலே வரல இல்ல சார்?"

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன்.

அழுதிருந்தால், வராமல் நின்றிருந்தால்கூடத் தேவலை. மறுநாளே வந்துவிட்டாள். இன்றுவரை ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் பந்து வந்தால் வைத்துக்கொள்வதில்லை. நெருப்பைத் தொட்டதுபோல உடனே யாருக்காவது தள்ளிவிடுகிறாள். மூன்று பேரை வெட்டிக்கொண்டு போனவள் இப்போது ஆளில்லாத இடத்திலும் பந்தைக் கேட்பதில்லை.

போன வாரம் தாங்க முடியாமல் அணி முழுவதையும் உட்கார வைத்துச் சொன்னேன். அன்றைக்கு பூட்ஸ்தான் பெரிசு, வாங்கினது நான், தேர்வாளரிடம் சொல்லாமல் மறைத்ததும் நான், அவள் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று. அவள் தலையைக் குனிந்து பொறுமையாகக் கேட்டாள்.

கலைந்த பிறகு பக்கத்தில் வந்தாள்.

"எனக்காக நீங்க பழி ஏத்துக்காதீங்க சார். பிள்ளைங்க முன்னாடி எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்குத் தெரியும் சார், என்னால எவ்ளோதான் ஆட முடியும்னு."

சொல்லிவிட்டு, சிரித்தபடி பந்துகளை வலைப்பையில் போடப் போனாள்.