டைமண்ட் ஏழு

மொழி இல்லாவிட்டால் மனிதனுக்குச் சிந்தனையே இல்லை என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களை என் அண்ணனின் கிழக்குத் தாம்பரம் வீட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. எழுதவும் வரவில்லை. மிஞ்சியது ஒரே வார்த்தை: 'அதான்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். புத்தியும் போய்விட்டதென்று அண்ணியின் தம்பி தீர்மானித்துவிட்டார்.

"வாயுள்ள பிள்ளை பொழைக்கும்பாங்க. மாமாவுக்கு வாயே போச்சு. இனிமே நாமதான் கொழந்தை மாதிரி பாத்துக்கணும்கா" என்றார் அண்ணியிடம். தாம்பரம் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் ஊரப்பாக்கத்தில் தன் வீட்டோடு வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நல்ல மனிதர்தான். ஆனால் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணிப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் அண்ணனின் ரயில் சிநேகிதர்கள் மூவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். தினமும் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார வண்டியில், முழங்கால்களின் மேல் துண்டை விரித்து ரம்மி ஆடுகிற கோஷ்டி. "சும்மா ஒரு ஆட்டம் போடலாம் சார்" என்று கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அதே துண்டை விரித்தார்கள்.

அண்ணன் இடது கையால் சீட்டுகளைத் தலையணையில் சாய்த்து அடுக்கினார். பக்கத்துச் சிநேகிதர் போட்ட டைமண்ட் ஆறை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்தும் அந்தச் சிநேகிதர் அடுத்த முறை டைமண்ட் ஏழைப் போட்டார். ஆறை எடுத்தவருக்கு ஏழும் கிடைத்தால் வரிசை சேர்ந்துவிடும்; ரம்மி தெரிந்த எவனும் அப்படிப் போட மாட்டான். பாவம், ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்ற நினைப்பு.

அண்ணன் அதைத் தன் சீட்டுகளோடு சேர்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார். முகம் சிவந்தது. "அதான்! அதான்!" என்று அந்தச் சீட்டை அவர் மடியிலேயே விட்டெறிந்தார்.

"கண்டுபுடிச்சிட்டாருப்பா! தப்புதான் சார், இனிமே ஒழுங்கா ஆடறேன்" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒழுங்காகவே ஆடினார்கள். அண்ணன் தோற்றார். தோற்றுவிட்டு, படுத்த நாளிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். அண்ணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சீட்டிலும் குறி இருக்கிறதே, அதுவும் ஒரு மொழிதானே என்று மேடைக்காரர்கள் மடக்குவார்கள். இருக்கட்டும். சிநேகிதர் இரக்கப்படுகிறார் என்று எந்தச் சீட்டில் அச்சடித்திருந்தது?

அண்ணியின் தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கட்டிலருகே வந்து, முதல் முறையாக அண்ணனிடமே கேட்டார். "மாமா, ஊரப்பாக்கம் வர உங்களுக்கு இஷ்டமா?"

அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்தார். சுவரோடு சாய்ந்து சாய்ந்து வாசலுக்குப் போனார். இடது கையால் பெட்டியை இழுத்துவந்து கட்டிலுக்கடியில் தள்ளினார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, துண்டைத் தட்டினார். சீட்டைக் கலைக்கச் சொல்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.