கதவும் வீடுதான்

வித்துராவுக்கு மேலே மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, புருஷனிடம் அடிபட்டது போதுமென்று இறங்கி வந்த கௌசல்யாவுக்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் வேலை சீக்கிரமே கிடைத்துவிட்டது. நேசையனின் ஓட்டலில் தேங்காய் துருவும் வேலை. அறைதான் கிடைக்கவில்லை. போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி: புருஷன் எங்கே?

அலுத்துப்போய் ஒரு வீட்டுக்காரியிடம், "காட்டில" என்றாள்.

"ஃபாரஸ்ட்லயா? ஆபீசரா?"

கௌசல்யா மறுக்கவில்லை. அறை கிடைத்தது. மாலையில் சாயாவும் வந்தது. தன் தம்பிக்கு ஃபாரஸ்ட்டில் வாட்சர் வேலை வாங்கித்தரச் சொல்லி வீட்டுக்காரி கேட்ட மறுநாள், கௌசல்யா நேசையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

இதை நேசையன் ஓட்டல் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சாப்பிட வந்திருந்த வக்கீல் ஜெயபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கௌசல்யாவைக் கூப்பிட்டு மலைவீட்டுக் கதையை முழுக்கக் கேட்டாள்.

"வீட்டுப் பட்டா உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்குல்லா? பின்ன நீ எதுக்கு வாடகைக்கு நிக்கிய? அவன் இறங்கட்டும்."

"அவன் இறங்குவானா அக்கா?"

"கோர்ட்டு சொன்னா இறங்குவான்."

கோர்ட்டு வாய் திறக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. ஆனால் சொன்னது. போலீஸ்காரர் சுகுமாரனோடு கௌசல்யா மலையேறினாள். புருஷன் அப்புக்குட்டன் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது உத்தரவு. அவனோ கதவைக் கழற்றத் தொடங்கினான்.

"ஞான் செய்த கதவு சாரே. எனக்குள்ளதாக்கும்."

கதவு யாருக்குச் சொந்தம் என்று உத்தரவில் இல்லை. குழம்பிய சுகுமாரன், சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி ஜெயபாயைக் கூப்பிட்டார். "கதவும் வீடுதான்!" என்று அவள் போட்ட சத்தம் பாறைக்குக் கீழேயும் கேட்டது.

அப்புக்குட்டன் முனகிக்கொண்டே கதவைத் திரும்ப மாட்டினான். சரியாக மூடுகிறதா என்று பார்க்கச் சுகுமாரன் உள்ளே போய், அவனையும் உள்ளே நிறுத்தி, இழுத்துச் சாத்தினார்.

வெளியே நின்ற கௌசல்யா வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கள்ளுக்குப் போவதற்காக அவன் அடித்து வைத்த தாழ்ப்பாள் அது. இதுவரை அவள் கை அதைத் தொட்டதில்லை. இவ்வளவு சுலபமாக நகருமா என்று ஆச்சரியமாக இருந்தது.

"சேச்சி, ஞானும் அகத்து உண்டு!" என்று சுகுமாரன் அலறினார்.

"தெரியும் சாரே. வீட்டுச் சாவி இன்னும் அவன் மடியில இருக்கு. ஜன்னல் வழியா தரச் சொல்லுங்கோ, திறக்கேன்."

உள்ளே கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. பிறகு சாவி வந்து விழுந்தது. கௌசல்யா நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் திறந்தாள்.

அப்புக்குட்டன் எதிர்மலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். மிளகு பறிக்கும் சமயத்தில் அந்தத் தங்கச்சி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மைனி, அண்ணனை இறக்கணும். அந்த வக்கீலம்மைக்க நம்பர் ஒண்ணு தாங்கோ."