கழற்ற வேண்டிய கார்ப்பரேட்டர்

யாராவது கார்ப்பரேட்டர் என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பெட்ரோல் வாசனைதான் முதலில் வரும். அந்த மனிதரின் வெள்ளைச் சட்டையும் மீசையும் அதற்கப்புறம்தான்.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். விவேக் நகரில் எங்கள் வீட்டிலிருந்து கல்யாணம் நடக்கவிருந்த கோவில், மணி கேட்கும் தூரம்தான்; சர்ச்சைத்தான் கோவில் என்போம். நடந்தே போய்விடலாம். ஆனால் அத்தை, தாத்தாவின் பழைய காரில்தான் போவேன் என்று சொல்லிவிட்டார். தாத்தா இறந்த பிறகு அந்தக் கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. ஸ்டார்ட் செய்தால் இருமி, பெட்ரோலை ஒழுகவிட்டு, நின்றுவிடும்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கார்ப்பரேட்டர்தான். கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டாத்தான் சரிப்படும்."

எனக்குத் தெரிந்த கார்ப்பரேட்டர் ஒருவர்தான். மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் ஜெயித்தவர், வீடு தெருக்கோடியில். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாமானுக்கும் எங்கள் ஊர் வாயில் அதே பெயர்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் எப்படி எங்கள் காரைக் கெடுத்தார் என்று யோசித்தேன். பெரியவர்களிடம் கேட்கும் தைரியம் கிடையாது. இப்போதும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுத்திருந்தோம், வாழ்த்திவிட்டுப் போக வந்தவர். கேட்டில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

"அப்பா இல்லியாம்மா?"

பயத்தில் வாயில் உண்மைதான் வந்தது. "மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்காரு. உங்களைக் கழட்டி அதுல ஊறப்போடணுமாம்."

அதே நேரம் அப்பா மண்ணெண்ணெய் டின்னுடன் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் டின்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மீசை குலுங்கச் சிரித்தார்.

"என்னைக் கழட்ட அவசரம் வேணாம்ப்பா. அடுத்த எலெக்ஷன்ல ஜனங்களே கழட்டிடுவாங்க. உன் கார்ப்பரேட்டரைக் காட்டு."

அப்பா பானட்டைத் திறந்து புலம்பினார். காரின் பெயரைச் சொல்லி வாங்கிவந்த வாஷர், ஊசி எதுவுமே அதில் பொருந்தவில்லை.

"எப்படிப்பா பொருந்தும்? இது ஜீப்போடது. உங்கப்பாவும் நானும்தான் சிவாஜி நகர் குஜரியில தேடி எடுத்தோம்."

பழைய சாமான் சந்தையைத்தான் குஜரி என்போம். தாத்தா இதை வீட்டில் சொன்னதேயில்லை. அப்பா பழைய டூத் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்க்கத் தேய்க்க, கறுப்புப் பிசுக்குக்குள்ளிருந்து எழுத்துகள் மேலே வந்தன. ஜீப்தான்.

ஜீப் சாமான்கள் அளவெடுத்தாற்போல் பொருந்தின. ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாளும் வந்துவிட்டது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம், "டாக்ஸி சொல்லிடறேன் பாப்பா" என்றார்.

அத்தை, கார்ப்பரேட்டருக்குள்ளே பெட்ரோலில் மிதக்க வேண்டிய சின்னப் பித்தளைக் குடுவையை எடுத்துக் காதருகே ஆட்டினார்.

"அண்ணா, உள்ள தளும்புது பாரு."

காற்று இருக்கவேண்டிய இடத்தில் பெட்ரோல் புகுந்திருந்தது. மிதக்க வேண்டியது மூழ்கிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் அதை முக்கியதும், கண்ணுக்கே தெரியாத ஓட்டையிலிருந்து குமிழிகள் கிளம்பின. அப்பா உள்ளிருந்ததை வடித்துவிட்டு ஈயம் வைத்து அடைத்தார். மத்தியானம் கார் உறுமியபோது அத்தை கைதட்டிக் குதித்தார். அப்பா தார்ப்பாயை மடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அத்தை வெள்ளைப் பட்டுப்புடவையில் முன்சீட்டில், அப்பா பக்கத்தில். பின்னால் பூச்செண்டோடு நான். சாயங்கால ரயிலில் மாப்பிள்ளையோடு அத்தை ஜாம்ஷெட்பூர் போகிறார். கோவில் மணி அடித்துவிட்டது. அப்பா கோவில் தெருவில் திரும்பாமல் நேரே போனார். அத்தை படித்த பள்ளிக்கூடத்தைச் சுற்றினார், தாத்தா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மைதானத்தைச் சுற்றினார். சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். கல்யாணத்துக்கு நேரமாகிறதே என்று நான் முன்சீட்டைத் தட்டினேன்.

"கார்ப்பரேட்டர் இன்னும் சரியாகல போல அத்தை. அதான் இவ்ளோ மெதுவா போகுது."

இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாண்டி கண்ணு" என்றார் அத்தை. "சரியாகல."

இன்ஜின் ஒரு தடங்கலும் இல்லாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது.