ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிராது

2007-ம் வருடம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பியூஸ் மாட்டும் பீங்கான் கேரியருக்கு ஓரப் பிசிறு தேய்க்கும் வேலையில் இருந்தேன். கழுத்தில் கட்டி வந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். வழக்கமான கீமோவோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்றலாம், அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயின் மீது ஏவிவிடும் என்று டாக்டர் விளக்கினார். முதல் தடவை குளிரும் காய்ச்சலும் வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நன்றாக யோசித்துத்தான் சம்மதித்தேன்.

சொன்னபடியே வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினேன். நர்ஸ் மருந்தை நிறுத்தி, நடுக்கம் அடங்க ஊசி போட்டு, பிறகு மெதுவாக மறுபடி ஏற்றினார். என் கணவரோடு கூட வந்திருந்த மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், மிரண்டுபோனார். "கீமோ மட்டும் போதும். இவள வெச்சி சோதனை பண்றாங்க" என்று திரும்பும்போது பஸ்ஸிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் கணவர் வாயே திறக்கவில்லை.

எங்கள் பக்கம், அநியாயம் செய்தவர்கள் மீது மணவாளநல்லூர் முருகன் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவார்கள். சாமி விசாரிப்பார் என்று நம்பிக்கை. மூத்தார் அந்த டாக்டர் மீதே பிராது கட்டிவிட்டு வந்தார். சாமி பதில் சொல்லும்வரை அந்த மருந்து வேண்டாம் என்று வீட்டில் முடிவும் எடுத்துவிட்டார்கள். உடம்பு என்னுடையது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறினேன். கோயிலில் உட்கார்ந்து நானும் ஒரு பிராது எழுதினேன். டாக்டர் மேல் தப்பில்லை, சம்மதித்தது நான். மருந்தை நிறுத்தச் சொல்லும் மூத்தாரையும் வாய் திறக்காத என் வீட்டுக்காரரையும் விசாரிக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் படித்த கோயில்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இதே டாக்டர் பேர்ல போன வாரந்தான் ஒண்ணு வந்துது. ஒரே வூட்லேர்ந்து ரெண்டு பிராதாம்மா?"

"ஆமாங்க. ரெண்டையும் சேத்தே விசாரிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து நானே போட்டு உடைத்தேன். மூத்தார் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரை எதிர்த்த மனுஷனுக்கு சாமி விசாரணை என்றதும் உதறல். என் கணவர், "அடுத்த வாட்டி நான் மட்டும் கூட வரேன்" என்றார். இரண்டாவது தடவை அந்த மருந்தையும் சேர்த்தே ஏற்றினார்கள், லேசான குளிரோடு போய்விட்டது. ஆறு சுற்றையும் முடித்தேன்.

கட்டி கரைந்தது. பிராதைக் கட்டியவரே வாபஸ் வாங்க வேண்டும் என்பது வழக்கம். தன்னுடையதை வாபஸ் வாங்கிய கையோடு மூத்தார் என்னிடம் வந்தார். "உன்னோடதையும் எடுத்துடும்மா."

"எடுக்கறேன் மாமா. இனிமே என் விஷயம் எதுன்னாலும் என்னக் கேட்டுட்டுப் பேசுங்க" என்றேன். தலையாட்டினார்.

குணமாக்கியது கீமோவா, அந்த மருந்தா, முருகனா என்று எனக்குத் தெரியாது. தன்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரும் சொன்னார். ஆனால் இன்றும் யாராவது உடம்பு முடியாமல் படுத்திருக்க, சுற்றிலும் நாலு பேர் நின்று முடிவு பண்ணிக்கொண்டிருந்தால், நான் அவர்களை விலக்கிவிட்டுப் படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்கிறேன்.